சாப்பாட்டு மேசையில் ஆர்.என்.ஏ. உலகம்: பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு வழி

உயிர் எப்படித் தோன்றியது என்று பிள்ளைகள் கேட்டால், பெரும்பாலும் நாம் ஆதிக் கடலில் இருந்துதான் ஆரம்பிக்கிறோம். மின்னல், எரிமலை, கொதிக்கும் நீர், அதில் ஒரு மூலக்கூறு, அப்புறம் ஒரு செல். பிள்ளையும் தலையாட்டும். "அது எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. நான் நேர் எதிர்த் திசையில் சொல்லித்தருகிறேன். இந்த நிமிடம் அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பொருளில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கிப் போகிறேன். ஆதிக் கடலைப் பார்த்தவர் யாரும் இல்லை. செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் அணு அமைப்பைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். இப்போது சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்குப் பிள்ளைகள் சிலரும் என் தங்கை மகளும் சனிக்கிழமை மாலைகளில் வீட்டுக்கு வந்து உட்காருவார்கள். அவள் என்னைப் பெரியம்மா என்பாள். அதைக் கேட்டு எல்லாருமே பெரியம்மா என்கிறார்கள். உயர்நிலை இரண்டில் இருந்து தொடக்கக் கல்லூரி வரை படிக்கிறவர்கள். பள்ளியில் ஆங்கிலத்தில் படித்ததை இந்த மேசையில் தமிழில் பேசுகிறோம். கீழே எழுதியிருப்பது அந்த மேசையில் நான் செய்யும் முறை. ஒரே மாலையில் முடிக்க வேண்டாம், இரண்டு மூன்று சந்திப்புகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

நான்கு நிற மணிகள், பைப் கிளீனர் குச்சிகள், கட்டம் போட்ட தாள், இரண்டு தாயக்கட்டைகள், மூன்று தட்டுகள், நிறையத் துண்டுச் சீட்டு. மணிகளுக்கு லிட்டில் இந்தியாவில் கைவினைச் சாமான் விற்கும் கடைகள் போதும். பைப் கிளீனர் டைசோவில் கிடைக்கும். நூலில் கோக்காதீர்கள். நூல் வளையும், ஆனால் மடித்த இடத்தில் நிற்காது. இந்தப் பாடமே மடிப்பைப் பற்றியதுதான்.

மூன்று தட்டுகள் எதற்கு? ஒன்றில் "உறுதி" என்று எழுதி ஒட்டுங்கள். அடுத்ததில் "ஆய்வுக்கூடத்தில் நடந்தது". மூன்றாவதில் "ஊகம்". நீங்கள் சொல்லும் ஒவ்வொரு செய்தியையும் பிள்ளைகள் சீட்டில் எழுதி, எந்தத் தட்டில் போடலாம் என்று அவர்களே விவாதித்துப் போட வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உயிரின் தோற்றத்தைப் பற்றி வரும் காணொளிகளில் பலவும் இந்த மூன்றையும் ஒரே குரலில் சொல்லிவிடுகின்றன. கேட்கிற பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் நம்புகிறது, அல்லது எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறது. இரண்டுமே எனக்கு வருத்தம் தருபவை.

ரைபோசோமில் தொடங்குங்கள்

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆர்.என்.ஏ. என்ற பெயர் புதிதில்லை. 2020 டிசம்பர் 30ஆம் தேதி தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தில் முதல் கொவிட் தடுப்பூசி போட்டது முதல் வீட்டுக்கு வீடு பேசிய பெயர் அது. அந்த ஊசியில் இருந்தது ஒரு செய்தி மட்டுமே: இந்தப் புரதத்தைச் செய் என்று ஆர்.என்.ஏ. எழுத்துகளில் எழுதிய செய்தி. அதைப் படித்துப் புரதம் செய்தது யார்? நம் செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம். டெங்கிக் கிருமியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதன் மரபுப் பொருள் சுமார் 10,700 எழுத்துள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. ஏடிஸ் கொசு கடித்து அது செல்லுக்குள் வந்ததும், நம் ரைபோசோம் அதையும் படித்துப் புரதம் செய்யத் தொடங்கிவிடுகிறது. யார் எழுதிய செய்தி என்று அது பார்ப்பதில்லை.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: "புரதம் செய்யும் அந்த இயந்திரம் எதனால் ஆனது?" பெரும்பாலான பிள்ளைகள் புரதம் என்பார்கள். செல்லுக்குள் வேலை செய்பவை எல்லாம் புரதம், அதாவது நொதி என்றுதானே படித்திருக்கிறார்கள். அப்போது சொல்லுங்கள்: பாக்டீரியாவின் ரைபோசோமை எடுத்தால், எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆர்.என்.ஏ. அதைவிட முக்கியமானது 2000ஆம் ஆண்டு தெரியவந்தது. ரைபோசோமின் பெரிய துணை அலகின் அணு அமைப்பை யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்சும் பீட்டர் மூரும் அவர்களுடைய குழுவினரும் வெளியிட்டார்கள். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று இணையும் அந்த இடத்தில், சுற்றிலும் 1.8 நானோமீட்டர் தூரத்துக்குப் புரதமே இல்லை. வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ.

இதை "உறுதி" தட்டில் போடச் சொல்லுங்கள். அவசரப்படாமல் போடட்டும். நம் உடம்பில் உள்ள புரதம் ஒவ்வொன்றையும் பிணைத்துக் கட்டுவது ஓர் ஆர்.என்.ஏ. பாக்டீரியா, காளான், தென்னை, யானை, எதை எடுத்தாலும் அப்படித்தான்.

2009இல் ரைபோசோம் ஆய்வுக்கு வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. ஸ்டைட்ஸ், அடா யோனத், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். ராமகிருஷ்ணன் தெளிவாக்கியது சிறிய துணை அலகை. செய்தியை எழுத்துப் பிசகாமல் படிக்கும் பகுதி அது. சிதம்பரம் என்றதும் பிள்ளைகளைவிட, உள்ளே காப்பி கலந்துகொண்டிருக்கும் அவர்களுடைய அம்மாக்கள்தாம் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களையும் உட்கார வையுங்கள்.

இப்போதுதான் பின்னோக்கிப் போகும் முதல் படி. புரதம் செய்வதற்கு ரைபோசோம் வேண்டும். ரைபோசோமே புரதத்தால் ஆனது என்றால், முதல் புரதத்தை யார் செய்தது? இந்த முடிச்சு 1960களில் பலரை உறுத்தியது. கார்ல் வோஸ் 1967இலும், பிரான்சிஸ் கிரிக்கும் லெஸ்லி ஆர்கலும் 1968இலும், செய்தியைச் சுமப்பது, நொதியாக வேலை செய்வது என்ற இரண்டையும் ஒரு காலத்தில் ஆர்.என்.ஏ.வே பார்த்திருக்கலாம் என்று எழுதினார்கள். ஆதி ரைபோசோம் முழுக்க ஆர்.என்.ஏ.வாக இருந்திருக்கலாம் என்றுகூடக் கிரிக் சொன்னார். அன்றைக்கு அது வெறும் ஊகம். மூன்றாவது தட்டு.

அந்தச் சீட்டு தட்டு மாறிய கதையைச் சொல்லுங்கள். கொலராடோவில் தாமஸ் செக், டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியின் ஆர்.என்.ஏ.வை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த இழையின் நடுவில் வேண்டாத ஒரு துண்டு உண்டு. அதை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் ஒட்டும் நொதி எது என்று தேடினார். நொதியே போடாத சோதனைக் குழாயிலும் துண்டு வெட்டுப்பட்டது. மிச்சம் ஒட்டியிருந்த புரதம் ஏதாவது காரணமோ என்று அதையும் நீக்கிப் பார்த்தார்கள். செல்லில் இருந்து எடுக்காமல் செயற்கையாகச் செய்த ஆர்.என்.ஏ.வை வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் வெட்டுப்பட்டது. ஆர்.என்.ஏ. தன்னைத் தானே வெட்டி ஒட்டிக்கொண்டது. சமையல் குறிப்பே எழுந்து அடுப்பைப் பற்றவைத்துச் சமைத்ததுபோல. அது 1982. அடுத்த ஆண்டே யேலில் சிட்னி ஆல்ட்மன், ஆர்.என்.ஏஸ். பி என்ற நொதியில் வெட்டும் வேலையைச் செய்வது அதன் ஆர்.என்.ஏ. பகுதிதான் என்று காட்டினார். 1989இல் இருவருக்கும் நோபெல். இப்படி வேலை செய்யும் ஆர்.என்.ஏ.வுக்கு ரைபோசைம் என்று பெயர் வந்தது. இரண்டு வேலையையும் ஆர்.என்.ஏ.வே பார்த்திருக்கக்கூடிய அந்த ஆதிக் காலத்துக்கு 1986இல் வால்டர் கில்பர்ட் "ஆர்.என்.ஏ. உலகம்" என்ற பெயரைக் கொடுத்தார்.

கவனியுங்கள். ரைபோசைம் இருக்கிறது என்பது உறுதி. அதனால் ஆர்.என்.ஏ. உலகம் ஒன்று இருந்தது என்பது இன்னும் ஊகம்தான்; வலுவான ஊகம். பிள்ளைகள் இரண்டையும் ஒரே சீட்டில் எழுதினால், கிழித்து இரண்டு சீட்டாக்கச் சொல்லுங்கள்.

மடித்துக் காட்டுங்கள்

ஆர்.என்.ஏ.வில் நான்கு எழுத்து: ஏ, யு, ஜி, சி. ஏ-க்கு ஜோடி யு. ஜி-க்கு ஜோடி சி. டி.என்.ஏ.யில் யு-வுக்குப் பதில் டி. இவ்வளவு போதும். வேதியியல் அமைப்புப் படத்தை இப்போது எடுக்காதீர்கள்.

ஏ சிவப்பு, யு நீலம், ஜி பச்சை, சி மஞ்சள் என்று வைத்துக்கொண்டு, பைப் கிளீனரில் இந்த வரிசையில் பன்னிரண்டு மணிகளைக் கோக்கச் சொல்லுங்கள்:

ஜி, ஜி, ஏ, சி, யு, யு, சி, ஜி, ஜி, யு, சி, சி.

நான் இட்டுக்கட்டிய வரிசை இல்லை இது. நடுவில் உள்ள யு, யு, சி, ஜி என்ற நான்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் அடிக்கடி தென்படும் ஒரு வளைவு. கோத்ததும் இரண்டு முனையையும் பிடித்துக் கொண்டையூசிபோல மடக்கச் சொல்லுங்கள். முதல் ஜி கடைசி சி-க்கு எதிரே வரும். இரண்டாவது ஜி-க்கு எதிரே இன்னொரு சி. ஏ-க்கு எதிரே யு. நான்காவதான சி-க்கு எதிரே ஜி. நான்கு ஜோடியும் பொருந்தி, நடுவில் நான்கு மணி மட்டும் வளையமாக நிற்கும். வெளியில் இருந்து யாரும் மடிக்கச் சொல்லவில்லை. எழுத்து வரிசையே வடிவத்தைத் தீர்மானித்துவிட்டது. வடிவம் வந்தால் வேலை வரும். நொதிகள் வேலை செய்வது வடிவத்தால்தானே?

நான் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்த விரும்புவது இந்த இடத்தில்தான். படிக்கக்கூடிய எழுத்தும், மடிந்து வேலை செய்யும் கருவியும் ஒரே பொருளில் இருக்கின்றன. டி.என்.ஏ. எழுத்தை நன்றாகக் காக்கும். ஆனால் செல்லுக்குள் அது இணையிழையோடு பின்னிக்கொண்டு இருப்பதால் இப்படிப் பலவிதமாக மடிவதில்லை. புரதம் அற்புதமாக மடியும். ஆனால் அதைப் பார்த்து இன்னொரு புரதத்தை நகல் எடுக்க வழியில்லை. இரண்டும் கைகூடுவது ஆர்.என்.ஏ.வில். என் தங்கை மகள் கொண்டையூசியைப் பிரிப்பதும் மடிப்பதுமாகவே வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். அவசரப்படுத்த மாட்டேன்.

அப்புறம் நகல். இழையை நேராக நீட்டி மேசையில் வைத்து, ஒவ்வொரு மணிக்கும் எதிரே அதன் ஜோடியை வைத்துப் புதிய இழை கோக்கட்டும். புதிய இழையை மறுமுனையில் இருந்து படித்தால் ஜி, ஜி, ஏ, சி, சி, ஜி, ஏ, ஏ, ஜி, யு, சி, சி என்று வரும். இதையும் மடக்கிப் பாருங்கள். நான்கு ஜோடி அப்படியே பொருந்தும், வளையத்து எழுத்துகள் மட்டும் மாறியிருக்கும். இந்த நகலை இன்னொரு முறை நகல் எடுத்தால் பழைய இழை திரும்பி வரும். தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் சொல்லலாம். தண்டில், அதாவது ஜோடி சேர்ந்து நிற்கும் பகுதியில், ஓர் எழுத்து மாறினால் ஜோடி உடையும். எதிரே உள்ள எழுத்தும் பொருத்தமாக மாறினால் மடிப்பு மீண்டும் நிற்கும். பல உயிரிகளின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களை ஒப்பிட்டு, இப்படிச் சேர்ந்தே மாறும் எழுத்துகளைத் தேடித்தான் அதன் மடிப்புகளை வோஸ், ஹாரி நோலர் போன்றவர்கள் முதலில் கணித்தார்கள். அணுப்படம் வருவதற்கு வெகுமுன்பே.

ஓட்டப் போட்டி

இது எல்லாரும் விரும்பும் பகுதி. இதன் பின்னணியில் உண்மையான ஒரு சோதனை இருக்கிறது. 1967இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சால் ஸ்பீகல்மன், கியூபீட்டா என்ற கிருமியின் ஆர்.என்.ஏ.வையும், அதை நகல் எடுக்கும் நொதியையும், எழுத்துகளையும் ஒரு குழாயில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதில் ஒரு துளியை எடுத்து அடுத்த குழாயில் விட்டார். பிறகு அடுத்தது. அவகாசத்தைக் குறைத்துக்கொண்டே போனார். 74ஆவது மாற்றத்தில் பார்த்தபோது அந்த ஆர்.என்.ஏ. தன் நீளத்தில் 83 விழுக்காட்டை இழந்திருந்தது. வேகமாக நகலாவது மட்டுமே வெற்றி என்றால், நீளம் வெறும் சுமை.

மேசையில் இப்படிச் செய்யுங்கள். கட்டத்தாளில் வரிசைக்கு 12 கட்டம், மொத்தம் 5 வரிசை. முதல் வரிசையில் நம் கொண்டையூசி எழுத்துகள். மற்ற நான்கு வரிசையில் பிள்ளைகள் விருப்பப்படி நிரப்பட்டும். இதுதான் மூல இழை. விளையாட்டுக்கு நேரடி நகல் போதும், ஜோடி எழுத வேண்டாம். ஒவ்வொரு வரிசையையும் எழுதும் முன் ஒரு தாயக்கட்டையை உருட்ட வேண்டும். 6 விழுந்தால் அந்த வரிசை முழுவதும் விடுபட்டுப்போகிறது. 1 விழுந்தால் அந்த வரிசையில் ஏதாவது ஓர் எழுத்தை மாற்றியே தீர வேண்டும். ஒரு நிமிடத்தில் எழுதி முடித்த இழைகள் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். அதிலும் ஒரு நிபந்தனை: முதல் வரிசை மடிந்து நான்கு ஜோடியும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நகல் நொதி அதை அடையாளம் காணவில்லை என்று பொருள். இழை அங்கேயே முடிந்தது. முதலில் முடித்த இரண்டு இழைகளை எல்லாரும் மூலமாக எடுத்துக்கொண்டு அடுத்த சுற்று. நேரத்தை 45 விநாடி, 30 விநாடி என்று குறையுங்கள்.

சில சுற்றுகளில் மேசையில் இருப்பவை எல்லாம் குட்டி இழைகளாகிவிடும். ஆனால் முதல் வரிசை மட்டும் நிற்கும். வளையத்தில் எழுத்து மாறியிருக்கலாம், தண்டில் மாறியிருக்காது. "யார் இதைத் திட்டமிட்டது?" என்று கேளுங்கள். ஒருவரும் திட்டமிடவில்லை என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள். தேர்வு என்பது உயிருள்ள விலங்குக்கும் செடிக்கும் மட்டும் நடப்பதில்லை, நகலாகிற எதற்கும் நடக்கும். அதை விளக்கிச் சொல்ல எவ்வளவோ முயலலாம். தாயம் உருட்டினால் தானே புரிந்துவிடுகிறது.

தட்டு விவாதத்தை மறக்காதீர்கள். ஸ்பீகல்மன் பயன்படுத்திய நகல் நொதி புரதம். ஆகவே இது ஆர்.என்.ஏ. உலகத்துக்கு நேரடிச் சான்று இல்லை. "ஆய்வுக்கூடத்தில் நடந்தது" தட்டுக்கே போகும். புரதமே இல்லாமல் ஆர்.என்.ஏ.வை ஆர்.என்.ஏ.வே நகல் எடுக்குமா? 2001இல் டேவிட் பார்ட்டலின் குழு ஆய்வுக்கூடத்திலேயே தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு ரைபோசைம், 14 எழுத்து வரை நகல் எடுத்தது. 2011இல் கேம்பிரிட்ஜில் பிலிப் ஹோலிகரின் குழு அதை மேம்படுத்தி 95 எழுத்து வரை கொண்டுபோனது. இரண்டுமே தன் முழு நீளத்தை எட்டவில்லை. 2009இல் டிரேசி லிங்கனும் ஜெரால்ட் ஜாய்சும் செய்தது வேறு வகை: ஒன்றை ஒன்று கட்டித்தரும் இரண்டு ரைபோசைம்கள். புரத உதவியே இல்லாமல் அவை தொடர்ந்து பெருகின; ஆனால் தனித்தனி எழுத்தாக அல்ல, முன்பே செய்துவைத்த துண்டுகளை ஒட்டித்தான்.

நம் வட்டாரத்து எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமா? பிலிப்பீன்ஸில் தென்னந்தோப்புகளை அழித்த கடாங்-கடாங் நோய்க்குக் காரணம் ஒரு வைராய்டு. 246 எழுத்துள்ள வட்டமான வெறும் ஆர்.என்.ஏ., அவ்வளவுதான். மேலுறை இல்லை, ஒரு புரதத்துக்கான செய்திகூட அதில் இல்லை. ஆனாலும் கோடிக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டது. வைராய்டுகள் ஆர்.என்.ஏ. உலகத்தின் எச்சமாக இருக்கலாம் என்பவர்கள் உண்டு. அந்தச் சீட்டு மூன்றாவது தட்டு.

எழுத்துகள் எங்கிருந்து வந்தன

இங்கே வந்த பிறகுதான் ஆதி பூமி. 1953இல் ஸ்டான்லி மில்லர் வாயுக் கலவையில் மின்பொறி விட்டு அமினோ அமிலம் எடுத்ததைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள், சீக்கிரம் தாண்டிவிடுங்கள். அமினோ அமிலம் புரதத்தின் பக்கம். நமக்கு வேண்டியது ஹியூஸ்டனில் ஹுவான் ஓரோ செய்தது. 1960இல் அம்மோனியம் சயனைடுக் கரைசலைச் சூடாக்கி அடினீனை எடுத்தார். அடினீன்தான் நம் "ஏ" எழுத்தின் காரம், அதாவது அதை மற்ற எழுத்துகளில் இருந்து வேறுபடுத்தும் பகுதி. அதில் கார்பன் 5, ஹைட்ரஜன் 5, நைட்ரஜன் 5. ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷத்தில் ஒவ்வொன்றும் 1. ஐந்து விஷ மூலக்கூறு சேர்ந்தால் ஓர் எழுத்தின் காரம். கணக்கைப் பிள்ளைகளையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிரில் பொன்னம்பெருமாவைப் பற்றியும் சொல்லுங்கள். இலங்கையில் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு வேதியியலுக்கு வந்தவர். நாசாவில் இருந்தபோது, கார்ல் சேகனோடும் ரூத் மாரினரோடும் சேர்ந்து, புறஊதாக் கதிரின் கீழ் ஏ.டி.பி. உருவாவதை 1963இல் காட்டினார். ஏ.டி.பி.யை நம் பிள்ளைகள் ஆற்றல் நாணயம் என்று படிக்கிறார்கள். அது ஆர்.என்.ஏ.வின் "ஏ" எழுத்தேதான். இரண்டு பாஸ்பேட் கூடுதலாக ஒட்டியிருக்கிறது. நொதிகளுக்கு உதவும் சிறு மூலக்கூறுகளான என்.ஏ.டி., கோஎன்சைம் ஏ போன்றவற்றிலும் ஆர்.என்.ஏ. எழுத்தின் துண்டு இருக்கிறது. வேலைக்குத் தேவையே இல்லாத இடத்திலும் அது ஒட்டிக்கொண்டிருப்பது ஏன்? பழைய ரைபோசைம்களின் மிச்சம் என்று 1976இல் ஹெரால்ட் வைட் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. ஆனாலும் ஊகத் தட்டுக்குத்தான் அனுப்புவேன்.

விண்கற்களிலும் எழுத்துகளின் பாகங்கள் உண்டு. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் கல்லில் 2019இல் ரைபோஸ் சர்க்கரையைக் கண்டார்கள். பென்னு என்ற சிறுகோளில் இருந்து 2023இல் நாசா கொண்டுவந்த மண்ணில், டி.என்.ஏ.க்கும் ஆர்.என்.ஏ.க்கும் வேண்டிய ஐந்து காரங்களும் இருப்பதாக 2025இல் தெரிந்தது. இதைக் கேட்டதும் "அப்படியானால் உயிர் வானத்தில் இருந்து வந்தது" என்று யாராவது துள்ளுவார்கள். நிதானப்படுத்துங்கள். காரம் மட்டும் ஓர் எழுத்து ஆகாது. காரம், ரைபோஸ், பாஸ்பேட் மூன்றும் சரியான இடத்தில் பிணைய வேண்டும். காரத்தையும் ரைபோஸையும் நேரடியாகப் பிணைப்பது மிகக் கடினம். 2009இல் மான்செஸ்டரில் ஜான் சதர்லண்டின் குழு அந்தப் பிணைப்பைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் சி, யு இரண்டையும் செய்துகாட்டியது. எழுத்துகளைக் கோத்து நீளமாக்குவதற்கு, மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் உதவும் என்று ஜேம்ஸ் பெரிஸ் காட்டினார்.

இந்தப் பகுதிக்கு ஒரு நாள் பிள்ளைகளைச் செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போங்கள். கம்பாஸ் அவென்யூ பக்கம்தான். ஊற்றுக்கண்ணில் நீர் சுமார் 70 டிகிரி செல்சியஸ். முட்டை வேகவைக்கத் தனி இடமே வைத்திருக்கிறார்கள். சின்னவர்கள் கையை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை வேகும் நேரத்தில், நீர் தெறித்துக் காய்ந்துகொண்டிருக்கும் கல் விளிம்பைக் காட்டுங்கள். இரண்டு எழுத்து பிணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீராகவே இருந்தால் அது நடப்பது அரிது. காய்ந்தால் பிணையலாம், நனைந்தால் கலந்து பரவலாம். அதனால்தான் டேவிட் டீமர் போன்றவர்கள் கடலைவிட, நிலத்து வெந்நீர்க் குட்டைகளின் விளிம்பை நம்புகிறார்கள். ஆழ்கடல் வெந்நீர்த் துவாரங்களை நம்புகிறவர்களும், மரபுப் பொருளுக்கு முன்பே வளர்சிதை மாற்றம் வந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தரப்பில் ஒரு வலுவான கேள்வி உண்டு: ரைபோஸ் சூட்டைத் தாங்குமா? 100 டிகிரியில் 73 நிமிடத்துக்குள் பாதி ரைபோஸ் சிதைந்துவிடுகிறது என்று 1995இல் மில்லரின் குழுவே அளந்திருக்கிறது. இதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாழைப்பழம்

பல வீடுகளில் இதைத்தான் முதலில் செய்வார்கள். நான் கடைசியில் வைக்கிறேன், நேரம் இருந்தால் மட்டும். அரை வாழைப்பழத்தைப் பையில் போட்டு மசியுங்கள். அரைக் கோப்பை நீரில் இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, நுரை வராமல் அதில் சேருங்கள். பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். காப்பிக்கடையில் காப்பி வடிகட்டும் அந்த நீளத் துணிப்பை, புதிதாக ஒன்று, இதற்கு மிகவும் தோது. மருந்துக்கடையில் வாங்கிய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மூடி இறுக்கி ஐஸ்கட்டியில் குளிரவைத்து, கோப்பையை ஒட்டினாற்போல் மெதுவாக ஊற்றுங்கள். 70 விழுக்காடு ஆல்கஹால் என்றால் சாற்றைப்போல் இரண்டு பங்கு ஊற்ற வேண்டும். அடுப்பு அணைந்திருக்க வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும். வெள்ளை நூல்கள் மேலே வரும்.

அது என்ன? பெரும்பாலும் டி.என்.ஏ.யும் பழத்தின் பெக்டினும். பழத்தில் ஆர்.என்.ஏ.வும் நிறையத்தான் இருந்தது. ஆனால் மசித்த நொடியில் இருந்து ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் அதை நறுக்கிவிட்டன. அதே வகை நொதி நம் விரல் நுனியிலும் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வோடு வேலை செய்யும் ஆய்வுக்கூடங்களில் கையுறையை அடிக்கடி மாற்றுவது இதனால்தான். நம்மைக் காக்க அல்ல, ஆர்.என்.ஏ.வை நம்மிடம் இருந்து காக்க. போதாததற்கு, ரைபோஸில் கூடுதலாக உள்ள ஓர் ஆக்சிஜன் பக்கத்துப் பிணைப்பைத் தானே தாக்கி உடைக்கும். டி.என்.ஏ.யில் அது இல்லை. அதனால்தான் செய்தியைப் பாதுகாக்கும் வேலை பின்னாளில் டி.என்.ஏ.யிடம் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். இன்றும் செல் தன் டி.என்.ஏ. எழுத்துகளை ஆர்.என்.ஏ. எழுத்தில் இருந்து அந்த ஆக்சிஜனை நீக்கித்தான் செய்கிறது. முதலில் வந்தது எது என்பதற்கு அதுவும் ஒரு தடயம்.

கேட்கப்போகும் கேள்விகள்

"கடவுள் எங்கே வருகிறார்?" எங்கள் மேசையில் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகிற பிள்ளைகள் சேர்ந்து உட்காருகிறார்கள். நான் சொல்வது: தட்டில் போடுவதற்கு அளந்து பார்த்த செய்தி வேண்டும், மற்றதை அம்மா அப்பாவிடம் பேசுங்கள். அதற்கு மேல் போவதில்லை.

"பெரியம்மா, இப்போது ஏன் புதிதாக உயிர் தோன்றுவதில்லை?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதிலின் பாதியை டார்வினே 1871இல் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லிவிட்டார். வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையில் அப்படிப்பட்ட பொருள் இன்று உருவானாலும், இருக்கும் உயிர்கள் அதை உடனே தின்றுவிடும். இன்னொரு பாதி காற்றில் இருக்கிறது. ஆதி பூமியில் இவ்வளவு ஆக்சிஜன் இல்லை. சயனைடு வகை வேதியியலுக்கு இன்றைய காற்று ஒத்துவராது. இதற்குப் பிறகு வாழைப்பழக் கோப்பையையும் அவரவர் விரல் நுனியையும் ஒருமுறை காட்டுங்கள். செம்பவாங் ஊற்றின் விளிம்பில் இன்றைக்குத் தற்செயலாக ஓர் ஆர்.என்.ஏ. இழை பிறந்தாலும், அங்கே வாழும் பாக்டீரியாக்களின் நொதிகள் அதைத் துண்டாக்கிவிடும். அந்தத் துண்டுகளும் அவற்றுக்கு உணவுதான். இந்தச் சீட்டை எந்தத் தட்டில் போடுவது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும், நீங்கள் நடுவராக வேண்டாம்.